மானுக்காகத் தொங்கவிட்ட இருக்கை

வேட்டைக்காரன் மரத்தில் தொங்கவிடும் இருக்கையை எப்படித் தெரிந்தெடுப்பது என்று யாராவது என்னைக் கேட்டால் ஒரு மணித்தியாலம் நிறுத்தாமல் பேசுவேன். நான் வேட்டைக்காரன் அல்ல. துவக்கைத் தொட்டதுகூடக் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். இருந்தாலும் தொண்ணூறுகளில் ஜேர்மனியில், வுப்பர்டால் நகருக்கு வெளியே இருந்த காடுகளில், ஒரு மரத்தை அண்ணாந்து பார்த்து, இது ஆளைத் தாங்கும், இது தாங்காது என்று என்னைப்போலச் சொல்லக்கூடியவன் ஒருவனும் இருக்கவில்லை. இது நான் எனக்கே போட்டுக்கொண்ட மாலை அல்ல. என் முதலாளி நாலு பேர் முன்னால் சொன்னது.

முதலாளிக்கு இரும்புப் பட்டறை இருந்தது. கதவுப் பிணைச்சல், பூட்டு, கொக்கி செய்வோம். நான் அங்கே கூட்டித் துடைக்கப் போனவன். ஏழாம் வருடம் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் அச்சு இயந்திரங்கள் நின்ற பகுதி முழுவதும் என் பொறுப்பு. என் சொல்லுக்குக் கீழே பன்னிரண்டு பேர், அதில் நாலு பேர் ஜேர்மன்காரர். ஜேர்மன் மொழியில் ஒரு கடிதம் எழுதச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு ஏலாது. ஆனால் இயந்திரம் இருமினால் எங்கே சளி என்று காதாலேயே கண்டுபிடிப்பேன். பிறகு நான் சொந்தமாகத் துப்புரவுக் கொம்பனி வைத்து, மூன்று வான் ஓடியது வேறு கதை. அதை எல்லோருக்கும் சொல்லியாயிற்று. இதைத்தான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

முதலாளி காட்டின் ஒரு பகுதியில் மான் சுடும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்து வைத்திருந்தார். மரம் தூக்க ஆள் வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை கேட்டார். மற்றவர்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். அன்றிலிருந்து என் சனிக்கிழமைகள் காட்டில் போயின. வேட்டைக்காரர் ஏறி உட்கார ஏணி வைத்த மரக்கூண்டுகள் ஏழு கட்டிக் கொடுத்தேன். ஏழும் ஆடாமல் நின்றன.

எட்டாவது கட்டப் போனபோதுதான் பிரச்சினை. அந்த ஏழில் புல்வெளி ஓரத்தில் நின்ற கூண்டு மான்களுக்குப் பழகிவிட்டது. வெளியே வருமுன் தலையைத் தூக்கிக் கூண்டைப் பார்க்கும், ஆள் இருந்தால் உள்ளே திரும்பிப் போய்விடும். மான் அண்ணாந்து பார்க்காது என்று சொல்கிறவன் புத்தகத்தில் மான் பார்த்தவன். இன்னொரு கூண்டு கட்டலாம் என்றால், காட்டுக்குச் சொந்தக்காரர், பயிர் செய்யும் ஒரு கமக்காரர், சம்மதிக்கவில்லை. மரத்தில் ஒரு ஆணி இறங்கினாலும் மரம் அரியும் ஆலையில் வாங்கமாட்டார்களாம். அப்போதுதான் முதலாளி, அமெரிக்காவில் மரத்தோடு சேர்த்துப் பட்டியால் கட்டித் தொங்கவிடும் இருக்கை இருக்கிறதாம், போய்ப் பார்ப்போம் என்றார். ஒரு சின்னத் தட்டு, அதன்மேல் ஒரு சின்ன ஆசனம், அவ்வளவுதான். இன்றைக்கு இந்த மரம், வருகிற மாதம் வேறு மரம். மானுக்குப் பழகக் கிடைக்காது.

வேட்டைச் சாமான் கடைக்கு இரண்டு பேரும் போனோம். முதலாளி ஜேர்மன் மொழியில் பேசியதையெல்லாம் எனக்கு விளங்கிய எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். கடைக்காரன் என் முகத்தைப் பார்க்காமல் முதலாளியைக் கேட்டான்.

"இவருக்கும் வேட்டைப் பத்திரம் இருக்கோ?"

"இல்லை. ஆனா எதை வாங்கிறதெண்டு அவன்தான் சொல்லுவான்."

கடைக்காரன் மூன்று இருக்கைகளைக் கொண்டுவந்து வைத்தான். முதலாவது, கட்டில் மாதிரி அகலத் தட்டு. விலையும் அதற்கேற்ற மாதிரி. அதைத்தான் தலையில் கட்டப் பார்த்தான். தட்டு அகலமானால் ஆள் ஓரத்தில் கால் வைக்கும்போது முழுப் பாரமும் ஒரு பக்கம் திருகும் என்று நான் சொன்னேன். காட்டிலே காற்று வேறு. இரண்டாவது அலுமினியம், இலேசாக இருந்தது. மடித்து விரித்தேன், டிங் என்றது. குளிர்காலத்தில் இந்தச் சத்தம் இருநூறு மீற்றருக்குக் கேட்கும். மூன்றாவது இரும்பு, பாரம் அதிகம், தட்டு சின்னது. பின்பக்கம் மரத்தில் கொழுவ நாலு கூரான பல் இருந்தது. பல்லைக் காட்டி, கமக்காரர் இதைக் கண்டால் துவக்கு எங்கள் பக்கம் திரும்பும் என்றேன். முதலாளி வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்ப ஒண்டும் சரிவராதோ?"

"இதை எடுங்கோ. பல்லைப் பட்டறையிலை நான் அரிஞ்செடுத்துப்போட்டு ரப்பர் வைச்சுத் தாறன். சங்கிலியும் வேண்டாம், பட்டி போடுவம். சங்கிலி பட்டையைத் தின்னும், கதைக்கவும் செய்யும்."

அதன்பிறகு கடைக்காரன் என் முகத்தைப் பார்த்துப் பேசினான். ஏறுவதற்கு, மரத்தில் பட்டியால் கட்டும் இரும்புப் படிகள் நாலு துண்டு கூட வந்தன.

இருக்கை வாங்குவது பாதி வேலை. மரம் தெரிந்தெடுப்பது மீதி. புல்வெளி ஓரத்தில் முப்பது மரம் நின்றது, நான் ஒன்றைத்தான் தெரிந்தெடுத்தேன். ஜேர்மன்காரர் பூஹ என்று சொல்லும் மரம். சாம்பல் நிறம், வழுவழுத்த பட்டை, ஐந்து மீற்றர் வரை ஒரு கொப்பு இல்லை. நேராக நின்றது. கையால் தட்டினால் நிறைந்த சத்தம் வந்தது, உள்ளே கோறை இல்லை. கட்டிப்பிடித்தால் என் இரண்டு கை விரல்களும் தொட்டுக்கொள்ளும் பருமன். பின்னால் இன்னொரு மரத்தின் இலை அடர்த்தி, ஆளின் உருவம் வானத்தில் தெரியாது. காற்று புல்வெளிப் பக்கமிருந்து எங்கள் முகத்துக்கு வந்தது.

இவ்வளவு எனக்கு எப்படித் தெரியும்? என் தகப்பன் பனை ஏறிக் கள்ளுச் சீவியவர். மன்னாரில் கரைப்பக்கம். ஐந்தாம் வகுப்பில் என்னைப் பள்ளியிலிருந்து மறித்ததும் அதற்குத்தான். பதினொரு வயதில், பனை ஏறக் காலைப் பிணைக்கும் தளைநாரை மாட்டினேன். இருபத்தொரு வயதுவரை ஏறினேன். அந்தப் பத்து வருடமும் நான் எந்தப் பெரிய வீட்டிலும் கிண்ணத்தில் தண்ணீர் குடித்ததில்லை. கையைக் குவிக்கச் சொல்லி ஊற்றுவார்கள். அதை நினைத்து ஏங்க எனக்கு ஒன்றுமில்லை. ஜேர்மனிக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை அந்தப் பனையை மறைத்ததுதான்.

மறைப்பது சுலபமில்லை. நம் ஆட்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அகதியாக வந்தும் சாதியை மட்டும் மறக்கவில்லை. புதிதாக ஒரு தமிழனைக் கண்டால் கேட்பார்கள்: எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, அப்பா என்ன செய்தவர். நான் சொல்லும் பதில் தயாராக இருந்தது.

"அப்பாவுக்கு முப்பது பனை இருந்தது."

பொய் இல்லை. முப்பது பனையில் அவர் ஏறினார். காணி வேறு ஆளுடையது.

எங்கள் பட்டறையில் இன்னொரு தமிழர் இருந்தார். யாழ்ப்பாணத்துப் பக்கத்துக் கத்தோலிக்கர், என்னைவிட எட்டு வயது இளையவர், படித்தவர். அவரை அங்கே சேர்த்தது நான். அரசாங்கக் கந்தோர்களுக்குப் போகும் அன்ட்ராக் விண்ணப்பங்கள் எல்லாம் எனக்கு நிரப்பித் தந்தது அவர். என் மனைவியையும் மகளையும் ஜேர்மனிக்குக் கூப்பிட்ட படிவங்களில், நான் சொன்னதை நம்பி, என் தகப்பனுடைய தொழில் கமம் என்று தன் அழகான எழுத்தில் எழுதியதும் அவர்தான். தேத்தண்ணீர்ப் போத்தல் நான் கொண்டுபோவேன். இரண்டு பேரும் ஒரே மூடியில் மாறி மாறிக் குடிப்போம். அந்த மூடியை அவர் வாயில் வைக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றி. சொல்லக் கூடாது, சொல்கிறேன்.

அவருடைய தம்பி ஹனோவரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். என் மகள் அப்போது தாதி வேலைக்கு ஆஸ்பில்டுங் செய்துகொண்டிருந்தாள். அந்த நாட்டில் வேலை பழகிக்கொண்டே படிக்கும் படிப்பு அது. கடைசி வருடம். வயது இருபத்திரண்டு. மாதா திருவிழாவில் இரண்டு பேரும் கண்டு பேசியிருக்கிறார்கள். அண்ணன்காரர்தான் முதலில் வாய் திறந்தார்.

"அண்ணை, உங்கடை மகளை எங்கடை வீட்டுக்குத் தருவியளோ?"

நான் பதில் சொல்ல மூன்று நாள் எடுத்தேன். கேட்ட உடனே கொடுத்தால் மதிப்பு இல்லை. பிறகு அவர் மனைவியோடு வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டார். கொழும்பில் இருக்கும் தாயிடம் ஒரு சொல் கேட்க வேண்டும், அது மட்டும்தான் பாக்கி என்றார். சனிக்கிழமைகளில் தம்பி தொலைபேசி எடுப்பான். என் மகள் வயரை இழுத்துக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். சிரிக்கும் சத்தம் வெளியே வரும். நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு படம் பார்ப்பேன்.

இருக்கையைத் தொங்கவிடும் நாள் வந்தது. செப்டெம்பர், நல்ல காய்ந்த காலை. பாரம் தூக்க அண்ணன்காரரையும் கூட்டிப்போனேன். எதிர்காலச் சம்பந்தி என் கெட்டித்தனத்தையும் ஒருமுறை பார்க்கட்டும் என்பதுதான் என் எண்ணம். வேறு ஆளைக் கூட்டிப் போயிருக்கலாம். கூட்டிப் போகவில்லை.

மரத்தடியில் சாமானை விரித்தால் படி மூன்று துண்டுதான் இருக்கிறது. நாலாவதை முதலாளி வீட்டிலே விட்டுவிட்டு வந்துவிட்டார். மூன்று துண்டில் நாலு மீற்றர்கூட ஏற ஏலாது. இருக்கை ஐந்து மீற்றரில் போக வேண்டும்.

"வருகிற கிழமை பாப்பம். திரும்பிப் போவம்," என்றார் முதலாளி.

அந்த இடத்தில் நான், ஓம் சேர், என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை இல்லை. மரத்தைப் பார்த்தேன். முதலாளியைப் பார்த்தேன். சம்பந்தியைப் பார்த்தேன். வாகனத்திலிருந்து ஒரு கயிற்றை எடுத்து வளையமாக முடிந்தேன். சப்பாத்தைக் கழற்றினேன்.

"என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டார் முதலாளி.

"படி உங்களுக்கு வேணும். எனக்கு வேண்டாம்."

இரண்டு பாதத்திலும் வளையத்தை மாட்டினேன். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு. மரத்தை உள்ளங்கையால் இரண்டுதரம் அறைந்தேன். அறைந்துவிட்டு, வலப்பக்கம் ஒரு தரம், இடப்பக்கம் ஒரு தரம் முகத்தைத் திருப்பி, தொண்டை கிழியக் குரல் கொடுத்தேன்.

"ஓ... ஓய்! ஓ... ஓய்!"

எங்கள் ஊர் வளவுகள் எல்லாம் கிடுகு வேலியால் மறைத்தவை. பனைக்கு மேலே போனால் எல்லா வேலிக்கு உள்ளேயும் தெரியும். கிணற்றடியில் பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே ஏறுகிறவன் ஏறுமுன் குரல் கொடுக்க வேண்டும். அவர்கள் உள்ளே போன பிறகுதான் கால் வைக்க வேண்டும். குரல் கொடுக்க மறந்த ஒருநாள் என் தகப்பன் வளவுக்காரனிடம், தன் பாளை சீவும் கத்தியின் உறையாலேயே அடி வாங்கினார். நான் பக்கத்தில் நின்றேன். அதற்குப் பிறகு காலில் நார் விழுந்தால் வாய் தானாகவே திறக்கும். மூளையைக் கேட்காது.

ஜேர்மன் காட்டில், கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு கிணறும் இல்லை, ஒரு பெண்ணும் இல்லை, மான் வரவேண்டிய இடம். நான் குரல் கொடுத்தேன்.

குரல் கொடுத்த மறுகணம் நான் மேலே. முதலாளி பத்து எண்ணியிருக்கமாட்டார். இடுப்பில் சுற்றிக்கொண்டு போன கயிற்றால் என்னை மரத்தோடு முடிந்தேன், அதன் மறுமுனையைக் கீழே விட்டு இருக்கையை இழுத்து எடுத்தேன், பட்டியைச் சுற்றி இறுக்கினேன், தட்டில் ஏறி நின்று குதித்துக் காட்டினேன். ஒரு மயிரிழை அசையவில்லை. கீழே முதலாளி கை தட்டினார்.

"நீ மனிசன்தானோ! ஆனா ஏன் கத்தினாய்? மானெல்லாம் இப்ப பெல்ஜியத்திலை நிக்கும்!"

"சந்தோசத்திலை சேர்."

"எங்கை பழகினாய் இதை?"

"சின்ன வயசிலை. சும்மா விளையாட்டுக்கு."

அப்போதுதான் சம்பந்தியைப் பார்த்தேன். கை தட்டவில்லை. வாயைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பார்த்ததும் கண்ணை எடுத்து நிலத்தில் கிடந்த படித்துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். மரம் ஏறினது பிரச்சினை இல்லை. தேங்காய் பிடுங்கக்கூட ஏறலாம். அந்தக் குரலுக்குத்தான் வேறு விளக்கம் கிடையாது.

திரும்பி வரும்போது முதலாளி முன்னால் வாகனம் ஓட்ட, நாங்கள் இரண்டு பேரும் பின்னால் இருந்தோம். பக்கத்தில் இருந்தவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"எங்கடை வளவுக்குப் பக்கத்திலை விடியக்காலமை ஒரு குரல் கேக்கும் அண்ணை. கேட்ட உடனை அம்மா கிணத்தடியிலை இருந்து எழும்பி உள்ளை போயிடுவா."

"ஓமோ," என்றேன்.

திங்கட்கிழமை தேத்தண்ணீர் மூடியை நீட்டினேன்.

"வயிறு சரியில்லை அண்ணை. நீங்கள் குடியுங்கோ."

செவ்வாயும் வயிறு சரியில்லை. புதனன்று அவர் தன் சொந்தப் போத்தலோடு வந்தார். நீல நிறம், புதிது. அந்த வயிறு அதன்பிறகு ஒருநாளும் சுகமாகவில்லை.

ஆனாலும் நான் நம்பினேன். மனிதன் நம்ப வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால் நீலப் போத்தலையும் நம்பலாம். தம்பியின் தொலைபேசி இன்னும் வந்துகொண்டுதானே இருந்தது. கொழும்பிலிருந்து தாயின் பதில் இன்னும் வரவில்லை என்றுதானே சொன்னார். வாய் திறந்து மறுக்கவில்லையே.

ஒக்டோபரில் முதலாளி அந்த இருக்கையிலிருந்து ஒரு ஆண் மானைச் சுட்டார். சந்தோசத்தில் ஒரு முழுப் பின்தொடை எனக்குத் தந்தார். என் மனைவி மிளகாய்த்தூளும் மிளகும் போட்டு, அடிபிடிக்கப் பிரட்டி எடுத்தாள். முதல் சட்டியிலேயே ஒரு பங்கை எடுத்து, சூட்டோடு சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவருடைய மனைவி கதவைப் பாதி திறந்தாள்.

"ஐயோ அண்ணை, செபமாலை மாதமெல்லோ. நாங்கள் நேர்த்தி. இந்த மாதம் முழுக்க மச்சம் மாமிசம் ஒண்டும் இல்லை."

"அப்ப சரி பிள்ளை. செபத்தைக் குழப்பக் கூடாது."

அவள் முதுகுக்குப் பின்னால் குசினியில் கோழி பொரிந்துகொண்டிருந்தது. மணம் படிக்கட்டு வரை என்னோடு இறங்கி வந்தது. ஒரே கோயிலில், ஒரே பூசையில், ஒரே குருவானவர் கையால் நாக்கை நீட்டி அப்பம் வாங்குகிற ஆட்கள் நாங்கள். கர்த்தருடைய உடலைப் பகிர்ந்து சாப்பிடலாம். என் மனைவியின் சட்டியில்தான் தீட்டு.

வீட்டில், "அவை சந்தோசமா வாங்கினவையோ?" என்று மகள் கேட்டாள்.

"ஓம், ஓம்," என்றேன். இறைச்சியை வழியில் ஒரு குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, வெறும் பாத்திரத்தோடு வந்திருந்தேன்.

நவெம்பரில் பெரிய வேட்டை வைத்தார் முதலாளி. இருபது வேட்டைக்காரர், மான் கலைக்க நாங்கள் பதினைந்து பேர், செம்மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு தடியால் பற்றைகளில் அடித்து நடந்தோம். சம்பந்தியும் வந்திருந்தார். மதியம் கொம்பு ஊதி வேட்டையை முடித்தார்கள். சுட்ட மிருகங்களைத் தேவதாரு இலைமேல் வரிசையாகக் கிடத்தி, தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார்கள். செத்த மானுக்கு அந்த ஆட்கள் கொடுக்கும் மரியாதையைப் பார்த்து நான் ஒவ்வொரு வருடமும் யோசித்திருக்கிறேன். பிறகு பட்டாணிச் சூப். சூப் குடித்து முகம் சிவந்த முதலாளி என் தோளில் கை போட்டு, விருந்தாளிகள் ஏழெட்டுப் பேரை அந்தப் பூஹ மரத்தடிக்குக் கூட்டிவந்தார். சம்பந்தியும் மற்றவர்களோடு பின்னால் வந்தார்.

"இந்த இருக்கையைத் தெரிஞ்செடுத்ததும் இவன், மரத்தைத் தெரிஞ்செடுத்ததும் இவன். இஞ்சை ஒருத்தனுக்கும் இவனளவு மரம் தெரியாது. வெறுங்காலோடை பத்து எண்ண முதல் மேலை நிப்பான், பாருங்கோ! ஏறு, ஏறி இருக்கையைக் கழற்று. அண்டைக்குக் கத்தினமாதிரிக் கத்தவும் வேணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. சொந்தமாகத் துணிக்கடை வைத்திருந்த ஒரு கிழவர் எனக்காகத் தன் சூப்புக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையும் தட்டத் தயாராக நின்றார். என் வாழ்க்கையில் இப்படி ஒரு கூட்டம் நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றது அதுவே முதல் தரம். கயிறு முதலாளியின் கையில் இருந்தது. கொண்டுவந்திருந்தார்.

நான் சம்பந்தியைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. தாயின் பதில் இன்னும் வரவில்லை. மகளின் தொலைபேசி இன்னும் நிற்கவில்லை. இன்னொரு தரம் இவர் முன்னால் நாரை மாட்டினால் நானே கையெழுத்து வைத்துக் கொடுத்தமாதிரி. மாட்டாவிட்டால், அன்றைக்குக் கேட்டது வேறு ஏதோ என்று அவர் தன் மனதுக்கும் தாய்க்கும் சொல்லிக்கொள்ள ஒரு வழி இருக்கும் என்று நினைத்தேன்.

"எனக்கு முழங்கால் நோகுது சேர். படி போடுங்கோ."

"என்ன விளையாட்டு இது? அண்டைக்குக் குரங்குமாதிரி ஏறினாய்!"

"அண்டைக்கு ஏதோ தற்செயலா ஏறிட்டன். படி இல்லாமல் ஏலாது."

முதலாளியின் முகம் விழுந்தது. விருந்தாளிகளுக்கு முன்னால் அவரைப் பொய்யராக்கிவிட்டேன். துணிக்கடைக் கிழவர் குனிந்து தன் கோப்பையை எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவராக நெருப்புப் பக்கம் திரும்பிப் போனார்கள். படித் துண்டுகள் நாலையும் கட்டினோம். சம்பந்தி வந்து கீழ்த்துண்டைப் பிடித்துக்கொண்டார். நான் சப்பாத்துக் காலோடு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, கிழவியைப்போல ஏறினேன்.

"பாத்து ஏறுங்கோ அண்ணை," என்றார் கீழேயிருந்து, தமிழில். "பழக்கமில்லாத ஆக்களுக்கு வழுக்கும்."

"ஓம்," என்றேன். "பழக்கமில்லை."

இருக்கையைக் கழற்றி இறக்கினேன். இரண்டு மாதத்தில் பட்டி இறுகி, வழுவழுத்த பட்டையில் ஒரு வளையம் விழுந்திருந்தது. இறங்கி நிலத்தில் கால் வைத்ததும் அவர், ஏற்கெனவே பாடமாக்கி வந்தவர்போல, சொன்னார்.

"அண்ணை, உங்களுக்குச் சொல்லவேணுமெண்டுதான் இருந்தனான். தம்பிக்குக் கனடாவிலை ஒரு இடம் சரிவந்திட்டுது. அம்மா போன மாதமே சொல்லிப்போட்டா."

போன மாதமே. அப்படியென்றால் கதவைப் பாதி திறந்த அன்றைக்கே முடிந்துபோன காரியம். என் படி, என் முழங்கால், பழக்கமில்லை என்ற சொல், எல்லாம் சும்மா. தகப்பனை மரத்தடியில் விற்றேன், வாங்க ஆள் இல்லாத சந்தையில்.

"நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லமாட்டன் அண்ணை. பயப்பிடாதேங்கோ," என்றும் சொன்னார். அதற்கு நான் நன்றி சொன்னேன். அவர் கன்னத்தில் ஒன்று கொடுக்கவேண்டிய கையால் அவருடைய கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அது அவரிடம் பத்திரமாக இருக்கிறது என்பதை நான் மறக்காதபடியும் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு பட்டறையில் அவருடைய பிழை ஒன்றையும் என்னால் பிழை என்று சொல்ல முடிந்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோது மகள் குசினிக் கதவடியில் நின்றாள். தம்பிக்காரன் அவளுக்கும் எதுவும் சொல்லவில்லை, அந்தச் சனிக்கிழமை எடுக்கவில்லை, அவ்வளவுதான். காரியம் சரிவரவில்லை என்று மட்டும் சொன்னேன்.

"ஏனப்பா? நான் என்ன செய்தனான்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். உன் தாத்தா பனை ஏறினவர், அதற்காகத்தான் இப்படிச் செய்கிறார்கள், உன்னில் ஒரு குறையும் இல்லை. மூன்று வசனம். என் வாயில் வந்தது வேறு.

"அவைக்குக் கம்பஸ் படிச்ச பிள்ளைதான் வேணுமாம். தாதி வேலை காணாதாம்."

அவள் தலையை ஆட்டினாள், கணக்கில் பிழை விட்டதைக் காட்டினால் ஆட்டுவதுபோல. அடுத்த வருடம் வேலை முடிந்து வந்து பின்னேரப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். முதல் தரம் சோதனையில் தவறிவிட்டாள். கட்டிலில் குப்புறக் கிடந்து, அவர்கள் சொன்னது சரிதானப்பா, எனக்கு மூளை காணாது என்று அழுதாள். நான் தலையைத் தடவி, உன்னால் முடியும் என்று சொன்னேன். இரண்டாம் தரம் எழுதினாள். பிறகு ஏழு வருடம், வேலையும் படிப்புமாக. கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்களை எல்லாம், படிப்பு முடியட்டும் என்று திருப்பி அனுப்பினாள். இன்றைக்கு ஒரு பெரிய மருத்துவமனையில் ஒரு மாடி முழுவதும் அவள் பொறுப்பு. டொக்டர்மாரே அவளைக் கேட்டுத்தான் கட்டில் போடுகிறார்கள்.

கோயிலில், கல்யாண வீட்டில், செத்த வீட்டில், எங்கே போனாலும் நான் அதைச் சொல்வேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவனின் மகள், நான் கொடுத்த தைரியம், என் வளர்ப்பு என்று சொல்வேன். அவள் பக்கத்தில் நின்று, அப்பா விடுங்கோ, என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் இன்னும், தான் போதாத பிள்ளை என்ற எண்ணம் ஒரு ஓரத்தில் இருக்கிறது. பட்டையில் விழுந்த வளையம்போல. அதை விழுத்தியது யார் என்று அவளுக்குத் தெரியாது.